வளாகத்துக்கு வெளியேயும் வாசகர்தான்

2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்ற திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 30 பன்னாட்டுப் பதிப்பாளர்கள் வெளியிடும் சுமார் 13,000 ஆய்விதழ்களுக்கு மூன்று ஆண்டுச் சந்தாவாக 6,000 கோடி ரூபாயை அரசே மொத்தமாகக் கட்டிவிடுகிறது. 6,300-க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களில் இருக்கும் ஏறத்தாழ 1.8 கோடிப் பேர் அவற்றைப் படிக்கலாம். 2025 ஜனவரி 1 முதல் திட்டம் நடைமுறையில் இருக்கிறது.

இப்படிச் சந்தா கட்டப்பட்ட ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. படிக்கும் மாணவி, மாலை நான்கு மணிக்குக் கணினி அறையில் ஒரு கட்டுரையைத் திறக்கிறார். முழுதாகத் திறக்கிறது. பாதி படிக்கும்போதே பேருந்துக்கு நேரமாகிவிடுகிறது. இரவு, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதே இணைப்பைக் கைப்பேசியில் தொடுகிறார். சுருக்கம் மட்டும் வருகிறது. அதற்குக் கீழே டாலரில் ஒரு விலை. கட்டுரையும் அதேதான், மாணவியும் அவரேதான், சந்தாப் பணமும் கட்டியாகிவிட்டது. ஆனாலும் அவர் இப்போது வெளியாள்.

கல்லூரி நூலகங்கள் கைப்பேசி வழியாக மாணவர்களுக்கு என்ன செய்யலாம் என்று பேச ஆரம்பித்தால், பேச்சு உடனே செயலிகளுக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் போய்விடுகிறது. எனக்கென்னவோ இந்தத் திண்ணையில் மூடிக்கொள்ளும் கதவிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று தோன்றுகிறது. தினமும் பேருந்தில் வந்துபோகும் மாணவர்களுக்கு நூலகத்தில் உட்காரக் கிடைப்பது மதிய உணவு இடைவேளைதான். அவர்கள் படிக்கிற நேரம், வீட்டுவேலை முடிந்த பிறகு வருகிற இரவு. கையில் இருக்கிற கருவி கைப்பேசி ஒன்றுதான். அந்த நேரத்தில், அந்தக் கருவியில் நூலகம் திறக்காவிட்டால், மற்ற வசதிகளால் அவர்களுக்குப் பெரிய பயன் இல்லை.

கதவு ஏன் மூடிக்கொண்டது? இணையத்தில் சேரும் ஒவ்வோர் இணைப்புக்கும் ஐபி முகவரி என்ற எண் உண்டு. கல்லூரி தன் இணைப்புக்கென வாங்கிய எண்களின் பட்டியலைப் பதிப்பாளரிடம் கொடுத்து வைத்திருக்கிறது. அந்த எண்களிலிருந்து யார் கேட்டாலும் கட்டுரை திறக்கும். பெயர் கேட்பதில்லை, கடவுச்சொல் கேட்பதில்லை. வாசகர்கள் மேசைக் கணினியின் முன் வந்து உட்கார்ந்த காலத்தில் இது மிக நல்ல ஏற்பாடு. கைப்பேசி அப்படி ஓரிடத்தில் இருப்பதில்லை. மொபைல் டேட்டாவில் போகும்போது செல்பேசி நிறுவனம் ஆயிரக்கணக்கான கைப்பேசிகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்து அனுப்புகிறது. பதிப்பாளரின் கணினிக்குத் தெரிவது செல்பேசி நிறுவனத்தின் எண்தான். இதனால் நூலகத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் மாணவர்கூட, வைஃபையை அணைத்துவிட்டு டேட்டாவில் இருந்தால், வெளியாளாகிவிடுகிறார். ஆப்பிள் 2021-இல் கொண்டுவந்த பிரைவேட் ரிலே போன்ற வசதிகள் இன்னும் ஒரு படி மேலே போய், பயனரின் உண்மையான ஐபி முகவரியையே மறைத்துவிடுகின்றன. அதைப் போட்டுவைத்திருப்பவருக்கு வளாக வைஃபையில் இருந்தாலும் கதவு திறக்காமல் போகலாம்.

இதற்கு முதலில் கிடைத்த மருந்து இடைநிலைக் கணினி. 1999-இல் கிறிஸ் ஜாகர் என்ற அமெரிக்கக் கல்லூரி நூலகர் ஈஸிபிராக்ஸி என்ற மென்பொருளை எழுதினார். மாணவர் வீட்டிலிருந்து தன் பெயரையும் கடவுச்சொல்லையும் தந்து நூலகத்தின் கணினிக்குள் நுழைவார். அந்தக் கணினி அவர் சார்பில் பதிப்பாளரிடம் போய்க் கட்டுரையை வாங்கி அவரிடம் தரும். பதிப்பாளருக்குத் தெரிவது கல்லூரியின் எண்தான் என்பதால் எதிர்க்கேள்வி இல்லை. உலகம் முழுவதும் நூலகங்கள் இதைப் பயன்படுத்தின, இன்றும் பயன்படுத்துகின்றன. குறை என்னவென்றால், ஒரு மாணவரின் கடவுச்சொல் தவறான கைக்குப் போய், அதைக்கொண்டு யாரோ ஆயிரக்கணக்கான கட்டுரைகளை அள்ளத் தொடங்கினால், பதிப்பாளர் அந்த எண்ணையே முடக்குவார். ஒருவரால் கல்லூரி முழுவதற்கும் கதவு சாத்தப்படும்.

அடுத்து வந்ததுதான் கைப்பேசிக்கு ஏற்ற முறை. வங்கியில் கணக்குத் தொடங்கவும் பேருந்து பாஸ் வாங்கவும் கல்லூரியில் போனஃபைட் சான்றிதழ் வாங்குகிறோம் அல்லவா? ‘இவர் எங்கள் மாணவர்’ என்று கல்லூரி சொல்கிறது. மதிப்பெண், வருகைப்பதிவு, கட்டணப் பாக்கி எதுவும் அதில் இருக்காது. கூட்டமைப்பு நுழைவு என்பது இதே சான்றிதழை ஒரு நொடியில், மின்னணு வடிவில் தருவது. மாணவி பதிப்பாளரின் பக்கத்தில் ‘நிறுவனம் வழியாக நுழைக’ என்ற இடத்தைத் தொடுகிறார். நிறுவனங்களின் பட்டியல் வருகிறது. தன் கல்லூரியைத் தேர்ந்தெடுத்ததும் கல்லூரியின் சொந்த நுழைவுப் பக்கம் திறக்கிறது. கடவுச்சொல்லை அங்கேதான் தருகிறார். கல்லூரியின் கணினி அதைச் சரிபார்த்து, தன் டிஜிட்டல் கையொப்பத்தோடு ஒரு சிறு குறிப்பைப் பதிப்பாளருக்கு அனுப்புகிறது. கடவுச்சொல் பதிப்பாளரிடம் போவதே இல்லை. எந்த எண்ணிலிருந்து கேட்கிறார் என்பதும் பொருட்டில்லை. திண்ணையானாலும் பேருந்தானாலும் கதவு திறக்கும்.

இந்தியாவில் இதற்கான ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. காந்திநகரில் உள்ள, உயர்கல்வி நூலகங்களை இணைக்கும் இன்ஃப்லிப்நெட் மையம் இத்தகைய நுழைவுக்கென இன்ஃபெட் என்ற கூட்டமைப்பை நடத்துகிறது. கல்லூரிகளுக்கு மின்னிதழ்களைத் தருவதற்கென்றே 2010-இல் தொடங்கிய என்-லிஸ்ட் திட்டத்திலும் மாணவர் ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர்பெயர் தர வழி உண்டு. தொழில்நுட்பம் கையில் இருக்கிறது, பெரும்பாலும் பணமும் கட்டியாகிவிட்டது. மீதியிருப்பது பெயர்ப்பட்டியலைச் சேர்ப்பதும், ஆண்டுதோறும் புதிய மாணவர்களை ஏற்றிப் படித்து முடித்தவர்களை நீக்குவதும், கடவுச்சொல் மறந்தவருக்கு அன்றே புதிது தருவதும்தான். பகட்டில்லாத எழுத்தர் வேலை என்பதால் கல்லூரி விழாக்களில் இதை யாரும் தொடங்கிவைப்பதில்லை. ஆனாலும் ஒரு கல்லூரி நூலகம் கைப்பேசி சார்ந்து செய்யக்கூடிய காரியங்களில் ஆகப் பெரியது இதுவே என்பது என் உறுதியான எண்ணம்.

இதில் கைப்பேசிக்கே உரிய சிக்கல் ஒன்றையும் நூலகர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சில செயலிகள், அவற்றில் வரும் இணைப்பை வழக்கமான உலாவிக்கு அனுப்பாமல் தங்களுக்குள்ளேயே ஒரு சிறு உலாவியில் திறக்கின்றன. காலையில் குரோமில் நுழைந்து வைத்த அடையாளம் அந்தச் சிறு உலாவிக்குத் தெரியாது. மாணவர் மறுபடி முதலிலிருந்து நுழைய வேண்டும். இரண்டு முறை இப்படி ஆனால் ‘லைப்ரரி லாகின் வேலை செய்யவில்லை’ என்ற பேச்சு வகுப்பு முழுக்கப் பரவிவிடும். இணைப்பை அனுப்பும்போதே ‘உலாவியில் திறக்கவும்’ என்று ஒரு வரி சேர்த்தால் பல புகார்கள் எழாமலே போகும்.

கதவு திறந்தது, கோப்பும் வந்தது. இனி அதைப் படிக்க வேண்டும். பிடிஎஃப் 1993-இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட வடிவம். எந்தக் கணினியில் திறந்தாலும், எந்த அச்சுப்பொறியில் எடுத்தாலும் பக்கம் இம்மியும் மாறக் கூடாது என்பதே அதன் நோக்கம். தாளுக்கு அது வரம், சிறு திரைக்கு அதுவே இடையூறு. ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர், கைப்பேசித் திரையின் அகலம் ஏறத்தாழ 7. பக்கம் முழுதும் திரையில் தெரிய வேண்டுமென்றால் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்க வேண்டும். 10 புள்ளி அளவில் அச்சான எழுத்து சுமார் 3.3 புள்ளிக்கு வந்துவிடும். விரலால் விரித்துப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடுகிறது. ஆய்விதழ்களின் இரட்டைப் பத்தி அமைப்பில், இடப்பத்தியின் அடிவரை இறங்கி, மீண்டும் மேலேறி வலப்பத்திக்குப் போவதற்குள் படித்த வாக்கியமே மறந்துவிடும்.

எச்டிஎம்எல், ஈபப் ஆகிய வடிவங்களில் பக்கம் என்ற நிலையான சட்டம் இல்லை. திரையின் அகலத்துக்குத் தக்கபடி வரிகள் தாமே மடிந்துகொள்கின்றன, எழுத்தைப் பெரிதாக்கினாலும் வரி வெளியே போவதில்லை. பெரும்பாலான பதிப்பாளர்கள் கட்டுரையை எச்டிஎம்எல் வடிவிலும் தருகிறார்கள். நூலகம் தன் பட்டியலிலும் பாடவாரிப் பக்கங்களிலும் பிடிஎஃப் இணைப்புக்குப் பதில் அந்த இணைப்பைக் கொடுத்தால் போதும். செலவே இல்லாத மாற்றம் இது.

தமிழில் சிக்கல் இன்னும் ஆழமானது. தமிழ் இலக்கியம் படிக்கும் முதுகலை மாணவர்களும் ஆய்வாளர்களும் அதிகம் தேடுவது பழைய ஆய்வேடுகளை. இன்ஃப்லிப்நெட்டின் ஷோத்கங்கா தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. அவை இயல்வாரியாகத் தனித்தனிக் கோப்புகளாக இருப்பது கைப்பேசி வாசகருக்குப் பேருதவி. ஓர் இயல் மட்டும் வேண்டும் என்றால் அதை மட்டும் இறக்கிக்கொள்ளலாம், டேட்டா மிஞ்சும். ஆனால் தமிழ் ஆய்வேடுகள் பலவற்றில், கண்ணுக்குத் தெரியும் ஒரு சொல்லைத் தேடல் பெட்டியில் இட்டால் ‘இல்லை’ என்றே பதில் வருகிறது.

காரணங்கள் இரண்டு. சில, தாளை அப்படியே படம் பிடித்தவை. அங்கே எழுத்தே இல்லை, எழுத்தின் படம்தான் இருக்கிறது. மற்றவை யூனிகோடு பரவுவதற்கு முன்பு பாமினி, டாம், டாப், வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. அவற்றுள் பல, ரோமன் எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்துவைத்தன. நம் கண் ‘அ’ என்று படிக்கும் இடத்தில் கணினி ஏதோவொரு ரோமன் எழுத்தை வைத்திருக்கும். தமிழக அரசு 2010-இல் யூனிகோடையும் டேஸ்-16 குறியீட்டையும் தரமாக அறிவித்தது. அதற்கு முந்தைய இருபதாண்டுத் தமிழ் ஆய்வின் கணிசமான பகுதி இப்படி ஊமைக் கோப்புகளாகத்தான் கிடக்கிறது.

இந்த இடத்தில் கல்லூரி நூலகம் பெரிய வேலை செய்யலாம். டெசராக்ட் என்ற கட்டணமில்லா எழுத்துணரி மென்பொருள் தமிழையும் படிக்கும். படமாக இருக்கும் பக்கத்துக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத உரை அடுக்கு ஒன்றை அது சேர்த்துவிடும். பக்கம் பார்வைக்கு முன்பு போலவே இருக்கும், ஆனால் தேடினால் சொல் அகப்படும். பிழைகள் வரத்தான் செய்யும். ரகரத்தையும் துணைக்காலையும் அது குழப்பிக்கொள்ளும். 1978-இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணா, றா, னா, லை, னை வடிவங்களில் தடுமாறும். முழுப் பிழைதிருத்தம் செய்ய ஆள் கிடைக்காவிட்டாலும், பத்தில் எட்டுச் சொல் சரியாக வந்தால்கூட, இருநூறு பக்க ஆய்வேட்டில் தனக்கு வேண்டிய பக்கத்தை மாணவர் கைப்பேசியிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

உரை அடுக்கால் கிடைக்கும் இன்னொரு நன்மை எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பார்வைத்திறன் இல்லாத மாணவர்களுக்குக் கைப்பேசி இன்று வாசிக்கும் கருவி. ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐஃபோனில் வாய்ஸ்ஓவர் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்கின்றன. படமாக இருக்கும் பக்கத்தின் முன் அவை பெரும்பாலும் மௌனமாகிவிடும், உரை இருந்தால் பேசும். சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. மாற்றுத்திறனாளிகள் படிக்கக்கூடிய வடிவில் நூல்களை மாற்றித் தர 2012-இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. இதே நோக்கம் கொண்ட மராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் உலகிலேயே முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா. 2016 முதல் சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் இத்தகைய நூல்களை ஓரிடத்தில் சேர்த்துத் தருகிறது. தன் கல்லூரியில் பார்வைத்திறன் இல்லாத மாணவர் ஒருவர் சேர்ந்த அன்றே அவரை அதில் பதிவுசெய்து, அவருடைய கைப்பேசியில் அதை அமைத்துத் தருவதை நூலகத்தின் கடமையாகவே வைக்கலாம்.

சரி, செயலி வேண்டாமா? பெரிய பல்கலைக்கழகங்களுக்கு ஆகும். கல்லூரிகளுக்கு வேண்டாம் என்பேன். செயலியை ஒருமுறை செய்து முடித்துவிட்டுப் போக முடியாது. ஆண்ட்ராய்டின் புதிய பதிப்புகளுக்கேற்ப அதைப் புதுப்பிக்காவிட்டால், புதிய கைப்பேசிகளில் அது பிளே ஸ்டோரில் தென்படாமலே போகும். புராஜெக்ட்டாக அதைச் செய்து கொடுத்த மாணவர்கள் பட்டம் வாங்கிப் போன பிறகு யார் புதுப்பிப்பது? செயலிக்குப் பதில் நல்ல இணையப்பக்கமே போதும். ஈதன் மார்கோட் 2010-இல் முன்வைத்த இணையப்பக்க வடிவமைப்பு முறையில், ஒரே பக்கம் திரையின் அகலத்தைப் பார்த்துத் தன்னை மாற்றி அடுக்கிக்கொள்ளும். நியூசிலாந்தில் ஒரு சிற்றூர் நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000-இல் இயங்கத் தொடங்கி, இன்று நம்மூர்க் கல்லூரிகள் பலவற்றில் ஓடும் கோஹா மென்பொருளின் நூற்பட்டியல் இந்த முறையில்தான் அமைந்திருக்கிறது. நூல் இருக்கிறதா என்று பார்ப்பது, முன்பதிவு செய்வது, வீட்டிலிருந்தபடியே ரினியூ செய்வது எல்லாம் உலாவியிலேயே முடியும். இந்த வசதி இருப்பதையே அறியாத மாணவர்கள் ஏராளம் என்பதுதான் வருத்தம்.

அச்சு நூலுக்கு வருவோம். எஸ். ஆர். ரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். 1931-இல் அவர் வகுத்து வெளியிட்ட நூலகத்துக்கான ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது. வாசகரே அலமாரிகளுக்கிடையில் நடந்து நூலைத் தொட்டெடுக்கும் திறந்த அடுக்கு முறைக்காகவும் அவர் வாதாடினார். அடுக்கைத் திறந்துவிட்டால் தேடும் வேலை வாசகர் தலையில் விழுகிறது. அந்த இடத்தில் கைப்பேசி உதவலாம் என்று முதலில் செய்து காட்டியவர்களுள் பின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தினரும் உண்டு. இன்றைய ஸ்மார்ட்ஃபோன் வருவதற்கு நான்காண்டுகளுக்கு முன்பே, 2003-இல், அவர்கள் ஸ்மார்ட்லைப்ரரி என்ற சேவையைத் தங்கள் முதன்மை நூலகத்தில் சோதித்தார்கள். கைக்கருவியில் நூலைத் தேடினால் நூலக வரைபடத்தில் அந்த நூல் இருக்கும் அடுக்குக்கு வழி தெரியும்.

கட்டடத்துக்குள் ஜிபிஎஸ் சரிவரக் கிடைக்காது. இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் அந்தச் சமிக்ஞை கூரையைத் தாண்டும்போதே மங்கிவிடும். ஆகவே உள்ளேயிருக்கும் வைஃபை பெட்டிகளின் சமிக்ஞை வலிமையை அளந்து, எந்தப் பெட்டிக்கு எவ்வளவு அருகில் நிற்கிறோம் என்று கணிக்கிறார்கள். இப்போது புளூடூத் சிறுபெட்டிகளை வைத்தும் இதைச் செய்கிறார்கள். இரும்பு அலமாரிகளும் நடமாடும் மனித உடல்களும் அலைகளைக் கலைத்துவிடுவதால் சில மீட்டர் பிழை வரும். நமது கல்லூரி நூலகம் ஒரு கூடமோ இரண்டு தளமோதான். அதற்கு இவ்வளவு வேண்டியதில்லை. ஒவ்வோர் அடுக்கிலும் எந்த வகைப்பாட்டு எண்ணிலிருந்து எது வரை இருக்கிறது என்று ஓர் அட்டவணை தயாரித்து நூற்பட்டியலோடு இணைத்தால், நூலைத் தேடும்போதே ‘முதல் தளம், வடக்குச் சுவர், 14-ஆம் அலமாரி’ என்று காட்டிவிடலாம். அலமாரியை நகர்த்திய அன்றே அட்டவணையையும் திருத்த வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

நூல் சரியான இடத்தில் இருந்தால்தான் இதெல்லாம் பலிக்கும். இடம் மாற்றிச் செருகப்பட்ட நூல், தொலைந்த நூலுக்குச் சமம். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள மயாமி பல்கலைக்கழகத்தில் போ பிரிங்க்மன் என்ற கணினிப் பேராசிரியரின் குழு 2011-இல் ஷெல்வார் என்ற செயலியைச் செய்து காட்டியது. நூல்களின் முதுகில் சிறு குறியீடு ஒட்டியிருப்பார்கள். கருவியின் கேமராவை அடுக்கை நோக்கிப் பிடித்தால், வரிசை பிசகிய நூலின் மேல் அடையாளம் தோன்றும். ஒரு தட்டு நூல்களை ஒவ்வொன்றாகத் தலைசாய்த்துச் சரிபார்க்கும் வேலை சில நொடிகளில் முடியும். மாணவர் நேரடியாகத் தொடாத வசதி இது. ஆனால் ‘இருக்கிறது’ என்று பட்டியல் சொன்ன நூல் உண்மையிலேயே அடுக்கில் இருக்க இது உதவுகிறது.

நூலைக் கண்டெடுத்தாயிற்று. கவுன்ட்டரில் வரிசையில் நிற்காமல் அதைக் கைப்பேசியாலேயே பதிவுசெய்ய முடியுமா? சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் நூலகங்களில், நூலின் பார்கோடைக் கைப்பேசிக் கேமராவால் படித்துத் தாமே கடன் பதிவுசெய்கிறார்கள். ஆர்எஃப்ஐடி சில்லு ஒட்டிய நூல்களானால் இன்னொரு வழியும் உண்டு. நூலகச் சில்லுகளும் கைப்பேசியின் என்எஃப்சி வசதியும் ஒரே அலைவரிசையில், 13.56 மெகாஹெர்ட்ஸில், பேசுகின்றன. சில்லில் மின்கலம் கிடையாது. கைப்பேசியின் மாறும் காந்தப்புலம் சில்லைச் சுற்றியுள்ள கம்பிச்சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. ஃபாரடே கண்டறிந்த அதே மின்காந்தத் தூண்டல்தான். அந்தச் சிறு மின்சாரத்தில் சில்லு விழித்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்கிறது. ஆனால் என்எஃப்சி நம் மாணவர்களிடம் இருக்கும் விலை குறைந்த கைப்பேசிகள் பலவற்றில் இல்லை, கேமரா எல்லாவற்றிலும் இருக்கிறது. ஆகவே பார்கோடே நமக்கு நல்லது.

கியூஆர் குறியீட்டையும் இதே காரணத்துக்காக விரும்புகிறேன். 1994-இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவின் குழு கார் உதிரிபாகங்களைக் கண்காணிக்க இதை உருவாக்கியது. மூன்று மூலைகளில் உள்ள சதுரங்களை வைத்துக் கேமரா அதன் நிலையையும் சாய்வையும் அறிந்துகொள்கிறது. அழுக்கோ கிழிசலோ ஏற்பட்டாலும் மீட்டெடுக்கும் கணக்கு அதற்குள்ளேயே இருக்கிறது. உயர்ந்த நிலையில் சுமார் 30 சதவீதம் சேதத்தை அது தாங்கும். பல வருடம் பலர் கைபடும் நூலக அலமாரிக்கு இதைவிடப் பொருத்தமானது ஏது? அச்சில் வருவது நின்று இணையத்துக்கு மாறிவிட்ட இதழ்களின் காலி அடுக்கில், அந்த இதழுக்கான குறியீட்டை ஒட்டலாம். மாணவர்கள் நூலகத்துக்கு வந்து முதலில் கேட்பது பழைய கொஸ்டின் பேப்பர். அதற்குப் பாடவாரியாக ஒட்டலாம். பணம் செலுத்தும் குறியீடுகளின் மேல் போலியை ஒட்டி ஏமாற்றுவது நாடெங்கும் நடப்பதால், குறியீட்டின் கீழே தள முகவரியை எழுத்திலும் அச்சிட வேண்டும். மாணவர் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்.

இணையம் சரியாக எடுக்காத ஊர்களில் இன்னும் நம்பகமானது குறுஞ்செய்தி. நூலைத் திருப்ப நாளை கடைசி நாள் என்று முன்கூட்டியே ஒரு செய்தி வந்தால் மாணவருக்கு ஃபைன் மிச்சம், அடுத்தவருக்கு நூல் கிடைக்கும். தமிழில் அனுப்புவதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட். ரோமன் எழுத்துக்கு 7 பிட் போதும் என்பதால் 160 எழுத்து கொள்ளும். தமிழுக்கு வழக்கமாக 16 பிட் தேவை, ஆகவே 70 இடம்தான். அதிலும் மெய்ப்புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனி இடம் பிடிக்கும். ‘புத்தகம்’ நமக்கு ஐந்தெழுத்து, செய்தியில் எட்டு இடம். ‘நீங்கள் எடுத்த நூலைத் திருப்ப நாளை கடைசி நாள்.’ என்ற வாக்கியத்தில் 22 எழுத்துகள் உள்ளன, இடைவெளியும் முற்றுப்புள்ளியும் சேர்த்து 46 இடம் ஆகிறது. நூலின் பெயரையும் கல்லூரியின் பெயரையும் சேர்த்தால் இரண்டு செய்தியாகி, செலவும் இரட்டிக்கும். நிறுவனங்கள் மொத்தமாக அனுப்பும் செய்திகளின் வாசக மாதிரியை முன்கூட்டியே பதிவுசெய்ய வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிமுறை. ஆகவே பதிவுசெய்யும் முன்பே சுருக்கமான தமிழ் வாசகத்தை யோசித்து எழுதிவிடுவது நல்லது. செலவு குறைகிறது என்பதற்காகத் தமிழைக் கைவிட்டுவிடக் கூடாது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் மாணவருக்கு நூலகம் அவர் மொழியில் பேசுவது, இது தனக்கும் உரிய இடம் என்ற உணர்வைத் தரும்.

செய்தி இருவழியாகவும் இருக்கலாம். அமெரிக்காவின் தென்கிழக்கு லூசியானா பல்கலைக்கழக நூலகம் 2005-லேயே மாணவர்களின் கேள்விகளைக் குறுஞ்செய்தியில் வாங்கிப் பதில் தரத் தொடங்கியது. ‘இந்தத் தலைப்புக்கு எதைப் படிக்கலாம்’ என்று கவுன்ட்டரில் நின்று கேட்கக் கூச்சப்படும் மாணவர்கள் நம் கல்லூரிகளில் நிறைய. ஒரு பொது எண்ணை அறிவித்து, மாலை ஏழு முதல் ஒன்பது வரை நூலகப் பணியாளர்கள் முறைவைத்துப் பதில் சொன்னால், கேட்கப்படாமலே போகும் அந்தக் கேள்விகள் வந்து சேரும். முறைவைத்துப் பார்ப்போருக்கு அந்த நேரம் பணிநேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். நூலகரின் சொந்த எண்ணை அறிவித்து, அவரை நள்ளிரவிலும் பதில் சொல்ல வைப்பது அநியாயம்.

இவ்வளவும் செய்யும்போது நூலகத்தின் கணினியில் மாணவரைப் பற்றிய தடயங்கள் சேர்ந்துகொண்டே போகும். எதைத் தேடினார், எதை எடுத்தார், எந்த நேரத்தில் படித்தார், வைஃபை வழிகாட்டி இருந்தால் எந்த அலமாரியின் முன் எவ்வளவு நேரம் நின்றார் என்பது வரை தெரியும். சாதி பற்றி, பாலினம் பற்றி, மனச்சோர்வு பற்றி, தன் வீட்டில் பேச முடியாத எதைப் பற்றியும் ஒரு மாணவி நூலகத்தில் படித்துக்கொள்ள முடிகிறது என்றால், அது அவர் எதை எடுத்தார் என்று பேராசிரியருக்கோ பெற்றோருக்கோ தெரியாது என்ற நம்பிக்கையால்தான். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியிருக்கிறது. சட்டம் கேட்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. திருப்பித் தரப்பட்ட நூலிலிருந்து எடுத்தவரின் பெயரைத் துண்டித்துவிடும் அமைப்பு கோஹாவிலேயே இருக்கிறது. எத்தனை முறை எடுக்கப்பட்டது என்ற எண்ணிக்கை மட்டும் தங்கும், யார் எடுத்தார் என்பது அழிந்துவிடும். அந்த அமைப்பை இயக்கிவிட்டு, ‘நீங்கள் திருப்பித் தந்த நூலின் விவரம் எங்களிடம் இருக்காது’ என்று நூலகத்தின் கைப்பேசிப் பக்கத்தில், நுழைவுப் பெட்டிக்கு நேர் கீழே, தமிழில் எழுதி வைக்கலாம்.